தண்ணீரில் உலோகம்: நீரை மாற்றுவதா, திருத்துவதா, மீனை மாற்றுவதா?

மீன் குளத்து நீரைச் சோதித்த லேப் சீட்டு கைக்கு வந்துவிட்டது. செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு. பக்கத்திலேயே ‘வரம்புக்கு மேல்’ என்று ஒரு வரி. அதன் பிறகு ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் போர் போடச் சொல்வார். ஒருவர் சுண்ணாம்பு கொட்டச் சொல்வார். இன்னொருவர், “கெளுத்தியை விடுங்க, அது எதையும் தாங்கும்” என்பார். மூன்று யோசனையும் ஏதோ ஒரு குளத்துக்குச் சரியானவைதான். உங்கள் குளத்துக்கு எது என்பதுதான் கேள்வி.

நான் பார்த்தவரை, குழப்பம் ஆரம்பிக்கும் இடம் ஒன்றுதான். இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். மீன் பிழைக்குமா என்பது முதல் கணக்கு. அந்த மீனைச் சாப்பிடுகிறவர் உடம்புக்கு என்ன போகும் என்பது இரண்டாவது. செம்பு முதல் கணக்கைக் கெடுக்கும், இரண்டாவதை அவ்வளவாகத் தொடாது. பாதரசம் நேர்மாறு: மீன் கொழுகொழுவென்று வளரும், சதைக்குள் விஷம் சேர்ந்துகொண்டிருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

எந்த உலோகம், எந்த வடிவில். ‘மொத்தச் செம்பு’ என்ற எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. சேற்றுத் துகளில் ஒட்டியிருக்கும் செம்பு செவுளை அதிகம் தொந்தரவு செய்யாது. கரைந்து, தனி அயனியாகத் திரியும் செம்புதான் கொல்லும். அதனால் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிய மாதிரிக்கும் ஒரு எண் கேட்டு வாங்குங்கள். கூடவே பி.எச். (நீர் அமிலமா காரமா என்ற அளவு), கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு), காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் சக்தி). இந்த மூன்றும் இல்லாத சீட்டு பாதிச் சீட்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே 2007-இல் நன்னீருக்கான செம்பு வரம்பை ஒற்றை எண்ணாக வைக்காமல், நீரின் மற்ற தன்மைகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு மாறிவிட்டது.

நிரந்தரமா, வந்துபோவதா. நிலத்தடி நீரில் இருக்கும் இரும்பும் ஆர்செனிக்கும் தினமும் இருக்கும். ஆலைக் கழிவோ, முதல் மழையில் அடித்துவரும் நீரோ சில மணி நேரம் வந்து போய்விடும். மாதம் ஒரு தடவை எடுக்கும் மாதிரியில் அது சிக்காமலே போகலாம்.

குஞ்சா, வளர்ந்த மீனா. வளர்ந்த கெண்டை சிரமமில்லாமல் தாங்கும் அளவில், பொரித்து ஒரு வாரமான குஞ்சு செத்துப்போகும்.

உலோகம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது. உலோகம் மக்கி அழியாது. வெளியே எடுத்தால் தவிர, வண்டலில், செடியில், மீனில் என்று எங்கேயாவது உட்கார்ந்திருக்கும். விலை கேட்கும்போது எல்லோரும் மறந்துவிடும் கேள்வி இது.

## செவுளுக்குள் என்ன நடக்கிறது

இது புரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

செவுளில் இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரான் தடிப்புள்ள திரைதான். நன்னீர் மீனின் உடம்பிலிருந்து உப்பு எப்போதும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். செவுள் அதைத் தண்ணீரிலிருந்து திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். செம்பும் வெள்ளியும் சோடியம் நுழையும் வழியை அடைக்கின்றன. துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகியவை கால்சியத்தின் வழியில் குறுக்கே வருகின்றன. கடினத்தன்மை குறைந்த மென்னீரில் சில பத்து மைக்ரோகிராம் செம்பு லிட்டருக்கு இருந்தாலே ட்ரௌட் போன்ற மீன்கள் சாகும். அதே அளவு செம்பு கடினநீரில் இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும். காரணம் எளிது: தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் செவுளில் இடம் பிடிக்க அதுவும் முண்டியடிக்கும்.

இரும்பும் அலுமினியமும் வேறு வகை. அவை செவுளின் மேலேயே படிகின்றன. மூடியைத் தூக்கிப் பாருங்கள்: நல்ல மீனில் சிவப்பாக, சீப்புப் பல் போலத் தனித்தனியாக இருக்க வேண்டிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பேறி, விரலில் கோழை இழுபடும். ஆக்சிஜன் மீட்டர் 6 காட்டும், அது போதுமான அளவுதான். மீனோ மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். ஏரேட்டரைக் கூட்டி வைத்தும் அடங்கவில்லை என்றால் சந்தேகத்தைச் செவுள் பக்கம் திருப்புங்கள்.

கொல்லாத அளவில் நடப்பதுதான் பணத்தைத் தின்னும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பே மீனின் மோப்பத்தை மழுங்கடித்துவிடும். தீவனத்தைக் கண்டுபிடிக்கத் திணறும். கல்லீரலும் சிறுநீரகமும் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தைச் செய்து உலோகத்தைக் கட்டிப்போடும். அந்தச் செலவு வளர்ச்சியிலிருந்து கழியும். ஈயம் நீண்ட நாள் இருந்தால் வால் கறுக்கும், முதுகெலும்பு வளையும். எதிர்ப்பு சக்தி குறைந்த மீனுக்கு ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் புண் வரும். புண்ணைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் போடுவோம், கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். இப்படி ஒரே குளத்தில் மூன்றாவது தடவை மருந்து வாங்குகிறவர், அந்தப் பணத்தில் முதலிலேயே தண்ணீரைப் பரிசோதித்திருக்கலாம்.

## ஒரு பார்வையில்

| வழி | மீனுக்கு | சாப்பிடுகிறவருக்கு | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| நீர் மூலத்தை மாற்றுதல் | முழு நிவாரணம், புது நீர் நல்லதாக இருந்தால் | நல்லது | பழைய வண்டல் அப்படியே இருக்கும் |
| காற்றூட்டிப் படியவிடுதல் | இரும்புக்கு மிக நல்லது | ஆர்செனிக்கும் ஓரளவு குறையும் | இடம், வண்டல் அள்ளுதல் |
| சுண்ணாம்பு | செம்பு, துத்தநாகம், காட்மியத்துக்கு நல்லது | பெரிய மாற்றமில்லை | பி.எச். ஏறினால் அமோனியா |
| ஈ.டி.டி.ஏ. (உலோகத்தைக் கட்டிப்போடும் ரசாயனம்) | குஞ்சுக்கு உடனடி நிவாரணம் | மாற்றமில்லை | ஒவ்வொரு நீர்மாற்றத்துக்கும் மறுபடி |
| செடித் தொட்டி | மெதுவாக, நிதானமாக | நல்லது | அறுத்த செடியை என்ன செய்வது |
| தாங்கும் மீன் | சாவு குறையும் | மோசமாகலாம் | விற்கும் நாளில் தெரியும் |

## நீர் மூலத்தை மாற்றுதல்

பாதரசம், காட்மியம், ஈயம் என்றால் என் முதல் வாக்கு இதற்குத்தான். மற்ற வழிகளில் பெரும்பாலானவை உலோகத்தை மட்டுப்படுத்துகின்றன. இது வரவையே நிறுத்துகிறது.

ஆனால் “ஆற்றுநீர் கெட்டது, போர் நீர் சுத்தம்” என்று கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. ஆழ்துளை நீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது. இரும்பும் மாங்கனீசும், சில நிலங்களில் ஆர்செனிக்கும் கரைந்து வரும். மழைநீர் சுத்தம்தான், ஆனால் அது மென்னீர். அதில் கொஞ்சம் உலோகம் விழுந்தாலும் நஞ்சின் வேகம் அதிகம். துத்தநாகத் தகடு போட்ட கூரையிலிருந்து பிடித்தால் துத்தநாகமும் சேர்ந்தே வரும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், செம்புக் குழாய், பித்தளை வால்வு எல்லாம் இதே ரகம்: அமிலத்தன்மையுள்ள மென்னீர் இரவெல்லாம் குழாயில் நின்று, காலையில் திறந்ததும் முதலில் குஞ்சுத் தொட்டிக்குப் போகும். மூலத்தை மாற்றுவதற்கு முன் குழாயைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றிப் பாருங்கள். சில நேரம் பிரச்சினையே அதோடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. உலோகம் எப்போதும் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. பாசியைக் கொல்ல மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடுகிறவர்கள் நாமேதான். மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்று வரும். அதுதான் வழக்கமான கணக்கு. காரத்தன்மை 50-க்குக் கீழே இருக்கும் குளத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

மூலத்தை மாற்றினாலும் அடிவண்டல் பழையதுதான். வண்டலில் காற்றுப் படாத வரை உலோகம் சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும். குளத்தை வற்றவிட்டுக் காயப்போட்டால் சல்பைடு ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகும், உலோகம் அவிழும். பைரைட் (இரும்பு சல்பைடு) உள்ள அமில சல்பேட் மண்ணில் இது இன்னும் மோசம். காய்ந்த கரையில் முதல் மழை பெய்து, அந்த நீர் குளத்துக்குள் வழிந்த மறுநாள் காலையில் மீன் மிதக்கும். வந்தது அமிலமும் அலுமினியமும் இரும்பும். வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாசு வந்துபோகும் வகை என்றால் மூலத்தை மாற்றவே வேண்டாம். பத்துப் பதினைந்து நாளுக்கான நீரைப் பிடித்துவைக்க ஒரு சேமிப்புக் குளமும், மதகை மூடத் தெரிந்த ஆளும் போதும்.

## காற்றூட்டிப் படியவிடுதல்

இரும்பு மட்டும்தான் எதிரி என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போர் நீரைப் பிடித்து ஜன்னலோரம் வையுங்கள். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் லேசாகக் கலங்கும், அப்புறம் தேநீர் நிறம் வரும், மாலைக்குள் அடியில் துரு படிந்து மேல்நீர் தெளிந்திருக்கும். பாட்டிலில் நடந்ததே செவுளில் நடந்தால் மீன் மூச்சுத் திணறும்; முட்டை மேல் நடந்தால் முட்டை சாகும். ஆக, அது தொட்டிக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட வேண்டும்.

பாட்டில் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதுதான் உங்கள் படிவுத்தொட்டியின் அளவைச் சொல்லும். பி.எச். 7-க்கு மேல் இருந்தால் இரும்பு நிமிடக்கணக்கில் மாறிவிடும். பி.எச். ஒரு அலகு இறங்கினால் வேகம் சுமார் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. பி.எச். 6 உள்ள நீரை எவ்வளவு தெளித்தாலும் சீக்கிரம் தெளியாது. முதலில் அதற்குச் சுண்ணாம்புக்கல் படுகை வேண்டும். மாங்கனீசு இதைவிடச் சோம்பேறி. வெறும் காற்றுக்கு அசையாது.

மறைந்திருக்கும் செலவு துருதான். 1,000 சதுர மீட்டர் குளம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 10 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இரும்பு இருந்தால் ஒரு தடவை நிரப்பும்போது 5 கிலோ இரும்பு வருகிறது; காய்ந்த துருவாகக் கிட்டத்தட்ட 10 கிலோ. ஈரமாக அது எத்தனையோ வாளி வண்டல். கூடவே, ஒவ்வொரு மில்லிகிராம் இரும்பும் மாறும்போது ஏறக்குறைய 1.8 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும்.

ஆர்செனிக்கும் இரும்பும் சேர்ந்திருக்கும் நீருக்கு இந்த வழியில் ஒரு போனஸ் உண்டு: துரு படியும்போது ஆர்செனிக்கில் ஒரு பங்கையும் பிடித்துக்கொண்டு இறங்கும். அந்த வண்டலை மட்டும் வயலில் உரமாகக் கொட்டிவிடாதீர்கள்.

## சுண்ணாம்பு

மலிவானது, பழக்கமானது. செம்பு, துத்தநாகம், காட்மியம் போன்றவற்றுக்கு, அதிலும் மென்னீரில், நன்றாகவே வேலை செய்யும். கால்சியம் செவுளில் காவலுக்கு நிற்கும், கார்பனேட் உலோகத்தைக் கட்டும், ஒரு பகுதி அடியில் படியும்.

எந்தச் சுண்ணாம்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் தூள் நிதானமானது, பி.எச்.-ஐ 8.3 அளவுக்கு மேல் தூக்காது. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் 10, 11 என்று தூக்கிவிடும். 25 டிகிரியில், பி.எச். 7-இல் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட நஞ்சு வடிவில் இருக்காது, பி.எச். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். செம்பிலிருந்து காப்பாற்றி அமோனியாவில் கொன்ற கதையாகும். மீன் இருக்கும் குளத்தில் சுண்ணாம்புக்கல் தூள்தான். காரத்தன்மை போதுமான அளவு இருந்து கடினத்தன்மை மட்டும் குறைவு என்றால் ஜிப்சம்.

சுண்ணாம்பு உதவாத இடங்களும் உண்டு. குரோமியத்தின் ஆறு இணைதிறன் கொண்ட வடிவமும் ஆர்செனிக்கும் தண்ணீரில் பெரும்பாலும் எதிர்மின் அயனியாகத் திரிகின்றன. அவற்றைக் கால்சியம் மறிக்காது. பி.எச். ஏறினால் துருவில் ஒட்டியிருந்த ஆர்செனிக் கழன்றுகூட வரலாம். அலுமினியத்தில் ஒரு விசித்திரம்: அமில நீரோடு சுண்ணாம்பு கலந்த அந்த முதல் சில நிமிட நீர், கலப்பதற்கு முந்தைய அமில நீரைவிடக் கொடியது. அலுமினியம் அப்போதுதான் திரண்டு கொண்டிருக்கும், திரளும்போது செவுளில் ஒட்டும். நார்வேயின் சால்மன் வளர்ப்பில் இதை நன்றாகவே படித்திருக்கிறார்கள். அங்கே சோடியம் சிலிகேட்டும் பயன்பட்டது. எந்தப் பொருளானாலும் மேல்தொட்டியில் கலந்து, நீரைக் கிடக்கவிட்டு, அப்புறம் மீனிடம் அனுப்புங்கள்.

இதை மட்டும் மறக்க வேண்டாம்: சுண்ணாம்பு உலோகத்தை வெளியேற்றவில்லை, அடக்கிவைத்திருக்கிறது. பி.எச். சரிந்தால் அது எழுந்துவிடும்.

## ஈ.டி.டி.ஏ.

குஞ்சு பொரிப்பகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன், வளர்ப்புக் குளத்துக்கு மாட்டேன். இறால் பொரிப்பகங்களில் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் போடுவது வழக்கம். இந்த மூலக்கூறு செம்பைப் பிடிக்கும் பிடி, கால்சியத்தைப் பிடிப்பதைவிடப் பத்துக் கோடி மடங்கு வலுவானது. அதனால் கடினநீரிலும் செம்பைத் தேடிப்போய்க் கட்டும். ஆனால் 10 லட்சம் லிட்டர் குளத்துக்கு அதே அளவில் 10 கிலோ வேண்டும், நீரை மாற்றும்போதெல்லாம் மறுபடி 10 கிலோ. சதையில் சேரும் மெத்தில் பாதரசத்திடம் இதன் ஜம்பம் பலிக்காது.

## செடித் தொட்டி

ஆகாயத்தாமரையும் சம்பும் உலோகத்தை, முக்கியமாக வேரில், சேர்த்துக்கொள்ளும். இடம் நிறைய இருந்து, மாசு குறைவாக, நிரந்தரமாக இருந்தால் பார்க்கலாம். வேரோடு பிடுங்கி வெளியேற்றாவிட்டால் செடி செத்து அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். பிடுங்கியதை மாட்டுக்கோ மீனுக்கோ தீவனமாகப் போடக் கூடாது. ஒரு அவசரத்துக்கு உதவும் வழியும் இல்லை இது.

## தாங்கும் மீன்

கெண்டை, திலேப்பியா, காற்றைக் குடிக்கும் கெளுத்தி ஆகியவை ட்ரௌட் சாகும் நீரில் சாவகாசமாக இருக்கும். இரும்போ செம்போ துத்தநாகமோ மட்டும்தான் பிரச்சினை என்றால் இது நேர்மையான தேர்வு.

காட்மியம், ஈயம், பாதரசம் இருக்கும் நீரில் இதே தேர்வு ஆபத்து. முன்பு மீன் செத்து நம்மை எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு மீனைச் சந்தைக்கு அனுப்புகிறோம். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் மீனில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், சதை சோதனையில் தாண்டிவிட்டால் மொத்த அறுவடையும் போச்சு.

காட்மியம் பெரும்பாலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் தங்கும். குடலை நீக்கி விற்றால் ஓரளவு தப்பலாம். மெத்தில் பாதரசம் சதையிலேயே இருக்கும், சமைத்தாலும் போகாது. வயதும் அளவும் கூடக் கூட ஏறும். மீனைத் தின்னும் மீனில் இன்னும் ஏறும். அந்தச் சந்தேகம் இருக்கும் நீரில் கெளுத்தி, விரால் பக்கம் போகாமல், பாசி தின்னும் வகையை விட்டு இளசிலேயே பிடித்துவிடுவது மேல். கடைசிச் சில வாரம் நல்ல நீரில் விட்டால் செவுளில் ஒட்டியது போகும். சிறுநீரகக் காட்மியமும் சதைப் பாதரசமும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அலங்கார மீனுக்கு மாறுவதையும் சிலர் கேட்கிறார்கள். இரண்டாவது கணக்கு அதோடு ஒழியும், உண்மைதான். முதல் கணக்கு கடுமையாகும், ஏனென்றால் அவற்றில் பல இனங்கள் மென்னீர்க்காரர்கள்.

## நான்கு தொட்டிச் சோதனை

எதையும் வாங்குவதற்கு முன் நான்கு பிளாஸ்டிக் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் நீர் அப்படியே. இரண்டாவதில் அதையே ஒரு நாள் காற்றூட்டிப் படியவைத்து எடுத்த தெளிவு. மூன்றாவதில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்து ஒரு நாள் கிடந்தது. நான்காவதில் பிரச்சினையில்லாத நீர். ஒவ்வொன்றிலும் ஒரே வயதில் பத்துக் குஞ்சு, மெதுவான காற்று, தீவனம் வேண்டாம், 96 மணி நேரம். செத்ததை உடனே எடுத்துவிட்டு, எண்ணி, எழுதிவையுங்கள்.

முதல் மூன்றில் இரண்டாவது மட்டும் பிழைத்தால் படிவுத்தொட்டி கட்டுங்கள். மூன்றாவது பிழைத்தால் சுண்ணாம்பு போதும். முதல் மூன்றும் செத்து நான்காவது மட்டும் பிழைத்தால் மூலத்தை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். நான்காவதிலும் சாவு வந்தால் குஞ்சில் கோளாறு. சோதனையை மறுபடி செய்யுங்கள். எல்லாத் தொட்டியிலும் மீன் துள்ளிக்கொண்டிருந்தால் நீருக்கு உடனடியாகக் கொல்லும் வேகம் இல்லை என்றுதான் பொருள். மெதுவாகச் சேருவது நான்கு நாளில் தெரியாது. அதற்கு, குளத்தில் இருப்பதிலேயே பெரிய மீனைப் பிடித்து, சதையைத் தனியாகவும் கல்லீரலைத் தனியாகவும் லேபுக்கு அனுப்புங்கள்.